தருதலும் கொடுத்தலும்: மிஷன் திட்டங்களும் சிறுவர் கற்கும் பிறர் பண்பாடும்

1. ஆய்வுப் பொருள்

தமிழில் சிறுவர் இலக்கிய வரலாறு எழுதுவோர் கிறித்தவ மிஷனரிமாரின் தொண்டினைக் குறிப்பிடாது செல்வதில்லை. 1840-இல் நாகர்கோவிலில் தோன்றிய ‘பால தீபிகை’யும், 1849-இல் பாளையங்கோட்டையில் தோன்றிய ‘சிறுபிள்ளையின் நேசத் தோழன்’ என்னும் இதழும் அவ்வரலாற்றின் முதற் பக்கங்களில் இடம்பெறுகின்றன. அதே காலத்தில் அதே மிஷன்களைச் சார்ந்தோர் தம் தாயகத்துச் சிறுவர்க்கென எழுதிய நூல்களும் இதழ்களும் பல உள. இலண்டன் மிஷன் சங்கத்தார் 1844-இல் சிறுவர்க்கெனத் தனி மிஷன் இதழ் ஒன்றைத் தொடங்கினர். அவ்வாண்டிலேயே அந்நாட்டுச் சிறுவர் ஆறாயிரம் பவுனுக்கு மேல் திரட்டித் தென்கடல் தீவுகளுக்குச் செல்லும் ‘ஜான் வில்லியம்ஸ்’ என்னும் கப்பலுக்குப் பொருள் உதவினர். இத்தகைய திட்டங்களையும் அவற்றை ஒட்டி எழுந்த நூல்களையும் தமிழாராய்ச்சியாளர் தமக்குப் புறம்பான பொருளாகவே கருதி வந்துள்ளனர்.

அங்ஙனம் கருதுதல் பொருந்தாது. அந்நூல்கள் சிலவற்றில் ‘பிறர்’ எனப் பேசப்படுவோர் நம் முன்னோரே. தமிழ்ச் சிறுவர்க்குக் கதை அச்சிட்ட இயக்கமே தமிழரைப் பற்றிய கதையையும் வேற்றுநாட்டுச் சிறுவர்க்கு அச்சிட்டது. முன்னதை மட்டும் படித்துப் போற்றுவோர் பாதியையே அறிந்தோராவர். பின்னதை மட்டும் எடுத்துக்காட்டி முழுவதும் பழிப்போரும் அத்தகையோரே.

ஒரு சிறுவன் தொலைநாட்டு மக்களுக்கு உதவும்பொருட்டுக் காசு சேர்க்கிறான். அதற்கு முன் அம்மக்களைப் பற்றி அவனுக்கு ஒரு பாடம் சொல்லப்படுகிறது. அப்பாடத்தினால் அவன் கற்பது யாது? அவன் கற்பதை அறுதியிடுவது பாடத்தில் அடங்கிய செய்தியா, அன்றி அச்செய்தி சொல்லப்படும் முறையா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். 1849-ஆம் ஆண்டின் நூல் ஒன்றும், யாழ்ப்பாணத்தில் வழங்கிய பெயரிடும் முறை ஒன்றும், 1927-இல் அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் இடையே நிகழ்ந்த பாவைப் பரிமாற்றமும் ஈண்டு ஆராயப்படுகின்றன.

2. இலக்கணம் தரும் அளவுகோல்

ஆராய்ச்சிக்கு ஓர் அளவுகோல் வேண்டும். அதனைத் தொல்காப்பியத்திலிருந்தே பெறலாம் என்பது என் கருத்து.

தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் செலவு, வரவு, தரவு, கொடை என்னும் நான்கு தொழில்களைக் குறிக்கும் சொற்களுக்கு இடவரையறை செய்கிறார். தருதலும் வருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியன. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன. ‘எனக்குத் தந்தான்’, ‘நினக்குத் தந்தான்’ என்றலும், ‘அவற்குக் கொடுத்தான்’ என்றலும் இதனால் மரபாயின. மீண்டும் எச்சவியலில் ஈ, தா, கொடு என்னும் மூன்று இரவுச் சொற்களை எடுத்துக்கொண்டு, அவற்றை இரப்போனது நிலை பற்றிப் பகுக்கிறார். ‘ஈ’ என்பது இழிந்தோன் கூற்று. ‘தா’ என்பது ஒப்போன் கூற்று. ‘கொடு’ என்பது உயர்ந்தோன் கூற்று. கொடு என்பது படர்க்கைக்கு உரியதாதலின், உயர்ந்தோன் அதனைத் தன்பொருட்டுச் சொல்லுங்கால் தன்னைப் பிறன்போல வைத்துச் சொல்லுகிறான் என்றும் அமைதி காட்டுகிறார்.

இவ்விரு பகுதிகளையும் இணைத்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். ஒரு பொருள் கைமாறும் செயலில் இடமும் தரமும் ஒருங்கே அடங்கியுள்ளன. பெறுவோன் நம் எதிரே நின்று பேசத்தக்கவனா, அன்றி நாம் பிறரோடு பேசுங்கால் சுட்டப்படும் மூன்றாமவனா என்பது ஒரு வினா. அவன் நம்மின் தாழ்ந்தோனா, ஒத்தோனா, உயர்ந்தோனா என்பது மற்றொரு வினா. ‘தா’ என்னும் சொல்லில் மட்டுமே எதிர்முகமும் ஒப்புமையும் ஒருங்கு பொருந்துகின்றன.

இன்றைய வழக்கில் இவ்வேறுபாடுகள் பெரிதும் மங்கிவிட்டன. ஆசிரியர் கூறியதும் சொல்லின் மரபேயன்றி அறத்தின் விதி அன்று. எனினும் ஈகையைச் சிறுவர்க்குக் கற்பிக்கும் நூல்களைத் திறனாய்தற்கு இது பெரிதும் பயன்படும். ஒரு நூலில் தொலைநாட்டார் எவ்விடத்தில் நிற்கின்றனர், எத்தரத்தில் நிற்கின்றனர் என்று வினவினால் அந்நூலின் உட்கிடை வெளிப்படும்.

3. ஸ்கடரின் சிறுவர் நூல்

ஜான் ஸ்கடர் 1793-இல் நியூஜெர்சியில் பிறந்த மருத்துவர். 1819-இல் அமெரிக்காவினின்று புறப்பட்டு யாழ்ப்பாணம் சேர்ந்து, பண்டத்தரிப்பில் மருத்துவப் பணியும் சமயப் பணியும் ஆற்றினார். 1836-இல் சென்னைக்கு வந்தார். 1855-இல் நன்னம்பிக்கை முனைப் பகுதியில் உயிர்நீத்தார். அவர்தம் புதல்வருள் எழுவர் இந்தியாவில் மிஷனரிகளாயினர். வேலூர் மருத்துவ நிலையத்தை நிறுவிய ஐடா ஸ்கடர் அவருடைய பேர்த்தியார். இக்குடும்பத்தாரின் மருத்துவத் தொண்டு தமிழ்நாடு நன்கறிந்தது. அது ஈண்டு ஆராய்ச்சிக்கு உரியதன்று. ஸ்கடர் சிறுவர்க்கு எழுதிய நூலே நாம் நோக்குவது.

1842 முதல் 1846 வரை தாயகத்தில் தங்கியிருந்தபோது அவர் ஊர்தோறும் சென்று சிறுவர் கூட்டங்களில் உரையாற்றினார். அதன்பின் 1849-இல் நியூயார்க்கின் அமெரிக்கத் துண்டுப்பிரசுரச் சங்கத்தார் அவர் எழுதிய கதைநூலை வெளியிட்டனர். ‘அஞ்ஞானிகளைப் பற்றிச் சிறு வாசகர்க்குரிய கதைகள்’ என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். நூற்பெயரில் நம்மவரைக் குறிக்க வரும் ஆங்கிலச் சொல்லுக்கு அக்காலக் கிறித்தவத் தமிழில் வழங்கிய நேர்ச்சொல் ‘அஞ்ஞானிகள்’ என்பதே. ஆதலின் வாசகன் ஏட்டைத் திறப்பதற்கு முன்னரே பேசப்படுவோரின் தரம் அறுதியிடப்பட்டுவிடுகிறது.

நூலின் அமைப்பு கருத்தூன்றி நோக்கத்தக்கது. முதலில் இந்துக்களின் நிறமும் அணிகலனும் கூறப்படுகின்றன. பின்னர் உடை, வீடு, உணவு, வணங்கும் முறை ஆகியவை வருகின்றன. அடுத்துத் திருமணமும் இறுதிச் சடங்கும் அமைகின்றன. அதன்பின் தெய்வங்கள், சாதிகள், கோயில்கள், தேர்கள், திருவிழாக்கள், கங்கையாறு, துர்க்கை, காளி என்று நூல் விரிகிறது. தம்மைத் தாமே வருத்திக்கொள்ளும் நேர்த்திக்கடன்கள், கைம்பெண்களைத் தீயிலிடும் வழக்கம், வஞ்சனை, மூடநம்பிக்கை ஆகியவை தொடர்கின்றன. ஈற்றில் மன்றாடுதலும் காணிக்கை அளித்தலும் சிறுவரின் கடமை என்றும், அவர்கள் தாமே தொண்டுக்கு முன்வரவேண்டும் என்றும் வற்புறுத்தப்படுகின்றன.

இவ்வைப்புமுறை தற்செயலாக அமைந்ததாகத் தோன்றவில்லை. உடையும் உணவும் சிறுவன் தன் வாழ்க்கையோடு ஒப்புநோக்கத்தக்கவை. அவை அவனுடைய வியப்பைத் தூண்டுகின்றன. நடுப்பகுதி அவ்வியப்பை அச்சமாகவும் அருவருப்பாகவும் மாற்றுகிறது. இறுதிப்பகுதி அவ்வச்சத்தை இரக்கமாக்கிக் காணிக்கைப் பெட்டிக்கு அழைத்துச் செல்கிறது. மெய்ப்பாட்டியலில் மருட்கை, இளிவரல், அச்சம், அழுகை என்று பிரித்துக் கூறப்படும் சுவைகள் இந்நூலில் ஒன்றன்பின் ஒன்றாக ஏவப்படுகின்றன. காசு திரளுவதற்கு இரக்கம் வேண்டும். இரக்கம் மிகுதற்கு இருள் மிகவேண்டும். ஆகவே பண்பாட்டைப் பற்றிய செய்தி அனைத்தும் அவ்விருளுக்கு ஏற்பவே தேர்ந்தெடுக்கப்படுகிறது.

தேர்வின் இயல்பை இரு சான்றுகள் காட்டும். முதலாவது, ஆசிரியர் வாழ்ந்த நாடு யாழ்ப்பாணமும் சென்னையும். நூலிலோ கங்கைக் கரையும் வங்கத்துத் தெய்வ வழிபாடும் உடன்கட்டை ஏறுதலும் சிறப்பிடம் பெறுகின்றன. உடன்கட்டை ஏறுதல் வங்கத்தில் 1829-இலும் சென்னை மாகாணத்தில் 1830-இலும் சட்டத்தால் தடுக்கப்பட்டது. 1849-இன் நூல் அதற்குத் தனிப்பகுதி வகுத்துள்ளது. பல நாடுகளின் செய்திகள் ஒன்றாகத் திரட்டப்பட்டு ‘இந்து’ என்னும் ஒரே மனிதன் படைக்கப்படுகிறான். அவனுக்கு ஊர் இல்லை. அவன் பேசும் மொழிக்கும் பெயர் இல்லை.

இரண்டாவது, அதிகாரத் தலைப்புகளுள் விளையாட்டுக்கும் தாலாட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடமில்லை. சிறுவர்க்கு எழுதப்பட்ட நூலில் தொலைநாட்டுச் சிறுவன் சிறுவனாகத் தோன்றுவதற்குரிய களம் இவையேயன்றோ? இக்குறை அறியாமையால் நேர்ந்தது என்று கூறுதற்கில்லை. ஸ்கடரைச் சார்ந்த அமெரிக்க மிஷனே 1823 முதல் வட்டுக்கோட்டையில் செமினரி நடத்தித் தமிழையும் கற்பித்தது. அம்மிஷனைச் சார்ந்த வின்சுலோ 1862-இல் வெளியிட்ட தமிழ்–ஆங்கில அகராதி அறுபத்தேழாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டது. ஒரு மொழியின் சொல்வளத்தை இவ்வளவு விரிவாகத் தொகுக்க முனைந்தோர் அம்மொழியாரின் அறிவுச் செல்வத்தை அறியாதவரல்லர். முதியோர்க்குரிய அகராதியில் இடம்பெற்ற தமிழ் சிறுவர்க்குரிய கதைநூலுக்குள் புகவில்லை என்பதே உண்மை.

இடநோக்கில் பார்த்தால் நூலின் இயல்பு இன்னும் தெளிவாகும். ‘என் அன்பான குழந்தைகளே’ என்று ஆசிரியர் விளிப்பது அமெரிக்கச் சிறுவரையே. தன்மையில் ஆசிரியர் நிற்கிறார். முன்னிலையில் வாசகச் சிறுவர் நிற்கின்றனர். தமிழர் படர்க்கையில் நிற்கின்றனர். நூல் முழுதும் ‘அவர்க்குக் கொடு’ என்னும் ஒரே ஏவலின் விரிவாக அமைகிறது. அவர் ஏதேனும் பேசுவதாகக் காட்டப்படின் அது ‘ஈ’ என்னும் இரப்பாகவே அமையும்.

4. இடுபெயரும் இயற்பெயரும்

நூலிற் கண்ட இவ்வுறவு வாழ்க்கையிலும் ஒரு வடிவம் பெற்றது. யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் உறைவிடப் பள்ளிகளில் ஒவ்வொரு மாணவனையும் ஆதரிக்க அமெரிக்காவில் உள்ள ஒருவரோ ஒரு குழுவோ ஆண்டுதோறும் பொருள் அனுப்புவதுண்டு. அவ்வாறு ஆதரிப்போர் விரும்பிய பெயரை மாணவனுக்கு இடுதல் அங்கு வழக்கமாயிற்று. ஆர்னல்ட், நெவின்ஸ், கறோல் முதலிய பெயர்கள் தமிழ்ப் புலவர் பெயர்களின் முன்னே நிற்பதற்குக் காரணம் இதுவே.

பொருள் அனுப்பியோர் பார்வையில் இது ஒரு பிணைப்பு. தம் போதகரின் பெயரைத் தாங்கிய சிறுவன் ஒருவன் தொலைவில் ஓதுகிறான் என்று எண்ணுதல் ஈகைக்கு ஊக்கம் தரும். ஆயின் அவன் பெயரைக் கேட்கும்போது அவர்கள் கேட்பது தம் ஊர்ப் பெயரையே. அச்சிறுவனின் தந்தை இட்ட பெயரோ, அப்பெயரில் உறையும் குலமரபோ, ஊர்மரபோ அவர்கள் செவிக்கு எட்டவில்லை. ஸ்கடரின் நூலில் தமிழன் படர்க்கையில் நின்றான். ஈண்டோ அவன் தன்மையின் எதிரொலியாக மாற்றப்படுகிறான். இரண்டு முறையிலும் முன்னிலை வெற்றிடமாகவே உள்ளது.

ஆனால் வரலாறு இத்துடன் நின்றுவிடவில்லை. பெயர் பெற்ற மாணவர் அப்பெயரோடு தம் இயற்பெயரையும் இணைத்து வழங்கினர். கறோல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளையுடன் 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரியானார். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை ‘உதயதாரகை’யின் ஆசிரியராக விளங்கியதோடு, 1886-இல் ‘பாவலர் சரித்திர தீபகம்’ இயற்றித் தமிழ்ப் புலவர் வரலாற்றுக்கு அடிகோலியோருள் ஒருவரானார். எவருடைய பெயர் மறைக்கப்பட்டதோ அவரே புலவர் பலரின் பெயர்களை மறதியினின்று மீட்டார். பெறுவோர் எதிர்மொழி கூறும் ஆற்றலுடையோர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. அமெரிக்கச் சிறுவர்க்கு எழுதப்பட்ட பாடம் இவ்வாற்றலை எதிர்பார்க்கவில்லை. அதுவே அப்பாடத்தின் பெருங்குறை.

5. எடின்பரோவில் எழுந்த குரல்

பெறுவோர் தரப்பிலிருந்து ‘தா’ என்னும் சொல் வெளிப்படையாக எழுந்த இடம் 1910-ஆம் ஆண்டின் எடின்பரோ உலக மிஷன் மாநாடு. அதனைக் கூறியவர் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையிற் பிறந்த வே. சா. அசரியா. மேனாட்டார் பொருளையும் உயிரையும் ஈந்து தொண்டாற்றியதை அவர் நன்றியோடு ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டபின், இந்தியத் திருச்சபைக்கு வேண்டுவது அன்பும் நட்புமே என்று உரைத்தார். மேனாட்டு மிஷனரியும் இந்தியத் தொண்டரும் ஒருவர் இல்லத்தில் ஒருவர் விருந்தினராக அமர்ந்து பழகும் நிலை அரிதாயிருந்ததே அவரை அவ்வாறு பேசச் செய்தது.

தொல்காப்பியப் பாகுபாட்டில் வைத்து நோக்கின் இக்கூற்றின் நுட்பம் விளங்கும். அசரியாவும் வேண்டுகிறார், ஆனால் ‘ஈ’ என்று வேண்டவில்லை. நட்பை ஈயவும் இயலாது, கொடுக்கவும் இயலாது. அது தரப்படுவது, தந்தவனே திரும்பப் பெறுவது. பொருளை இழிந்தோனுக்கு ஈயலாம். நட்போ தருவோனையும் பெறுவோனையும் ஒப்போராக்கிவிடும்.

அசரியாவின் வாழ்க்கையில் மற்றொரு செய்தியும் உண்டு. அவர் 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரிச் சங்கத்தை அமைப்பதில் முன்னின்றார். அச்சங்கம் தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல் பகுதிக்குத் தொண்டரை அனுப்பியது. நேற்றுவரை பெறுவோராக எண்ணப்பட்ட சிற்றூர்த் தமிழர் கொடுப்போராயினர். எனவே ‘அவர்க்குக் கொடு’ என்னும் பாடம் மேனாட்டுச் சிறுவர்க்கு மட்டும் உரியதாக இல்லை. தமிழ்ச் சிறுவனும் தெலுங்கு நாட்டாரைப் பற்றியோ மலைவாழ் மக்களைப் பற்றியோ கேட்டுக் காசு இடும்போது அதே வினா அவனையும் நோக்கி எழுகிறது.

6. பாவைத் தூது

இவ்வினாவுக்கு விடைகாண முயன்ற திட்டம் ஒன்று 1927-இல் நிறைவேறியது. அதனைத் தோற்றுவித்தவர் சிட்னி கியூலிக். அவர் 1888 முதல் 1913 வரை ஜப்பானில் மிஷனரியாக இருந்தவர். 1924-இன் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் ஜப்பானியர் குடிபுகுவதை அறவே தடுத்தது. அதனால் விளைந்த மனக்கசப்பைக் கண்ட கியூலிக், அமெரிக்கத் திருச்சபைகளின் கூட்டமைப்பைச் சார்ந்து, சிறுவரிடையே உலக நட்பை வளர்க்கும் குழு ஒன்றை அமைத்தார். அக்குழுவின் முதற் பெருஞ்செயல் ஜப்பானியச் சிறுமியரின் பாவைத் திருநாளாகிய மார்ச்சு 3-ஆம் நாளுக்குப் பாவைகள் அனுப்புதல். 12,739 பாவைகள் சென்றன. ஒவ்வொன்றுக்கும் பெயர் இடப்பட்டது. கடவுச்சீட்டும் பயணச்சீட்டும் கடிதமும் இணைக்கப்பட்டன. உடைகளைச் சிறுமியரும் அவர்தம் அன்னையரும் தைத்தனர். ஜப்பானில் ஷிபுசாவா எயிச்சி என்னும் முதுபெருந் தொழிலதிபர் வரவேற்பு முயற்சிக்குத் தலைமை தாங்கினார். பாவைகள் நாடெங்கும் உள்ள பள்ளிகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன.

இத்திட்டம் ஸ்கடரின் நூலினின்றும் வேறுபடும் இடங்கள் மூன்று. ஒன்று, தொடக்கமே பெறுவோரின் திருநாள். ஜப்பானியரின் குறை எதுவும் அமெரிக்கச் சிறுமிக்குப் பாடமாக்கப்படவில்லை. அவர்கள் கொண்டாடும் நாள் ஒன்று பாடமாயிற்று. இரண்டு, கடிதம் முன்னிலையில் அமைந்தது. ஜப்பானியச் சிறுமியைப் பற்றிப் பேசாமல் அவளோடு பேசவேண்டிய கட்டாயம் எழுதுவோர்க்கு நேர்ந்தது. மூன்று, பாவை விருந்தாகச் சென்றது. விருந்தாகச் செல்வோர் உபசரிக்கப்படும் நிலையில் உள்ளோர். உபசரிப்போர் கையேந்துவோர் ஆகார்.

மூன்றாவதற்கு ஜப்பானியரிடையே முன்னரே இடம் அமைந்திருந்தது. 1921-இல் நோகுச்சி உஜோ இயற்றிய ‘நீலக்கண் பாவை’ என்னும் சிறுவர் பாடல் அங்குப் பரவியிருந்தது. அமெரிக்காவிற் பிறந்த பாவை ஒன்று மொழி அறியாது தவிக்க, அதனோடு நட்புக்கொள்ளுமாறு ஜப்பானியச் சிறுமியரை வேண்டுவது அதன் பொருள். மொழி அறியாது தவிப்பது ஈண்டு அயலார் பாவை. அறிந்தோர், அறியாதோர் என்னும் நிலை இடம் மாறிவிட்டது. அவ்வாண்டு வந்த பாவைகளும் ‘நீலக்கண் பாவைகள்’ என்றே வழங்கப்பெற்றன.

1927-ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பான் 58 பாவைகளை அமெரிக்காவுக்கு அனுப்பியது. ஜப்பானியக் கைவினைஞர் தம் மரபுப்படி செய்தவை அவை; பள்ளிச் சிறுமியர் தந்த சிறு காசுகளும் அவற்றின் ஆக்கத்துக்கு உதவின. பெற்றோர் தந்தோராயினர், தந்தோர் பெற்றோராயினர். ‘தா’ என்னும் சொல்லின் வட்டம் நிறைவெய்தியது. பின்னர் மெக்சிக்கோவுக்குப் பள்ளிப் பைகளும் பிலிப்பைன்சுக்குப் பரிசுப் பேழைகளும் அக்குழுவால் அனுப்பப்பட்டன.

எனினும் இத்திட்டத்தையும் குறையற்றதெனக் கூறுதல் ஆய்வுநெறிக்கு ஒவ்வாது. ஜப்பான் அனுப்பிய பாவைகளுள் மாகாணங்கள், பெருநகரங்கள் ஆகியவற்றின் பெயர் பூண்டவற்றோடு கொரியா, தைவான் ஆகியவற்றின் பெயர் பூண்டவையும் இருந்தன. அந்நாடுகள் அன்று ஜப்பானின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தன. அவற்றின் பெயரால் வந்தவையும் ஜப்பானியப் பாவைகளே. இருவர் எதிர்முகமாக நின்று நட்புக் கொண்டாடிய அவையில் கொரியச் சிறுமி மட்டும் படர்க்கையிலேயே நிறுத்தப்பட்டாள். ஒருவரை முன்னிலைக்கு அழைக்கும் செயலே வேறொருவரைப் படர்க்கைக்குத் தள்ளக்கூடும் என்பதை இது நமக்கு உணர்த்துகிறது.

போர்க்காலத்தில் நேர்ந்ததும் கருதற்பாலது. பகைநாட்டுப் பாவைகள் எனப் பழிக்கப்பட்டு அவற்றுட் பெரும்பாலானவை அழிக்கப்பட்டன, எரிக்கப்பட்டன. சில ஆசிரியர் தம் பள்ளியின் பாவையை அழிக்க மனமின்றி ஒளித்து வைத்தனர். இன்று ஜப்பானில் எஞ்சியிருப்பவை முந்நூற்றுக்குச் சிறிது மேற்பட்டவை எனக் கணக்கிடப்பட்டுள்ளன. அமெரிக்கச் சட்டத்தின் தடை 1952-இல்தான் தளர்த்தப்பட்டது. பாவை சட்டத்தை மாற்றவில்லை, போரையும் தடுக்கவில்லை. ஆனால் தன் பள்ளிக்கு வந்த விருந்தை ஒளித்துக் காத்த ஆசிரியரின் செயல், படர்க்கைப் பாடம் எதுவும் விளைவிக்க இயலாத ஒன்று. ‘அவர்’ என்று மட்டும் அறியப்பட்டோரை எவரும் தமக்கு இடர் வருமெனத் தெரிந்தே ஒளித்து வைப்பதில்லை.

7. தடையும் விடையும்

மேற்கூறியவற்றுக்கு மூன்று தடைகள் எழலாம்.

ஸ்கடர் கூறிய தீமைகள் பல இந்நாட்டில் உண்மையாகவே இருந்தன. அவற்றைக் கூறுதல் பிழையாகுமா என்பது முதல் தடை. தீமையைக் கூறுதல் பிழையன்று. உடன்கட்டை ஏறுதலை இராசாராம் மோகன்ராய் எதிர்த்தார். சாதி வேற்றுமையை இராமலிங்க அடிகள் கண்டித்தார். பெண்களின் கல்லாமையை மாயூரம் வேதநாயகம் பிள்ளை இடித்துரைத்தார். இவர்கள் பேசியது ‘நாம்’ என்னும் தன்மையில். கேட்டோரும் அதே நாட்டினர். ஆதலின் அவர்தம் கண்டனம் திருந்துதற்குத் துணையாயிற்று. அதே செய்தி பத்தாயிரம் மைலுக்கு அப்பாலுள்ள சிறுவனிடம் படர்க்கையிற் கூறப்படும்போது திருத்தத்துக்கு உரிய குற்றமாக நில்லாது, ஓர் இனத்தின் இயல்பாகப் படிந்துவிடுகிறது. மேலும், மோகன்ராய் போன்றோர் இந்நாட்டில் இருந்தனர் என்பதும் செய்தியே. அதனைச் சொல்லாது தீமையை மட்டும் சொல்லுதல் பாதி உண்மையாகும்.

சிறுவர்க்கு எளிமை வேண்டும்; நுட்பங்களை அவர் அறியார் என்பது இரண்டாம் தடை. எளிமை வேறு, தாழ்த்துதல் வேறு. ஒரு திருநாளை அறிந்து, அதற்கு ஒரு பரிசு ஆயத்தம் செய்து, ஒரு கடிதம் எழுதி, மறுமொழிக்குக் காத்திருத்தல் ஸ்கடரின் நூலினும் எளிது. அது சிறுவரின் இயல்புக்கும் உகந்தது.

இவையெல்லாம் பழங்கதை என்பது மூன்றாம் தடை. இருபதாம் நூற்றாண்டில் 1938-இல் சீனக் குழந்தைகளுக்கெனத் தொடங்கப்பட்ட கிறித்தவ நிதியும், 1950-இல் தோன்றிய ‘வேர்ல்ட் விஷன்’ நிறுவனமும் ஒரு குழந்தைக்கு ஓர் ஆதரவாளர் என்னும் முறையை உலகெங்கும் பரப்பின. இன்றும் ஞாயிற்றுப்பள்ளிச் சிறுவர் பரிசுப் பெட்டிகள் நிரப்பித் தொலைநாடுகளுக்கு அனுப்புகின்றனர். ஆதரவு பெறும் குழந்தை இன்று தன் இயற்பெயரால் அறியப்படுகிறது; தானே கடிதமும் எழுதுகிறது. யாழ்ப்பாணத்து முறையினும் இது பெரிதும் மேம்பட்டது. ஆயினும் அக்கடிதத்தில் நன்றி கூறுதலன்றி வேறு கூறுதற்கு இடமுண்டா? அக்குழந்தை தன் ஊர் விளையாட்டைக் கற்றுத்தருகிறதா? ஆதரவாளர் வீட்டுச் சிறுவனை வினாவும் உரிமை அதற்குண்டா? நன்றி மட்டும் எழுதும் கடிதம் முன்னிலையில் அமைந்த ‘ஈ’ ஆகும். இடம் மாறிற்று, தரம் மாறவில்லை.

8. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படுவன இவை. மிஷன் திட்டங்கள் வாயிலாகச் சிறுவர் பிறர் பண்பாட்டைக் கற்றல் எல்லாக் காலத்தும் ஒரே தன்மையதாக இருக்கவில்லை. 1849-இன் நூல் தொலைநாட்டாரைப் படர்க்கையில் நிறுத்தி இரக்கத்தைக் கற்பித்தது. யாழ்ப்பாணத்துப் பெயரிடும் முறை அவரைக் கொடுப்போரின் நிழலாக்கியது. 1927-இன் பாவைத் தூது அவரை முன்னிலைக்குக் கொணர்ந்து, பெறுதலையும் சிறுவர்க்குக் கற்பித்தது. கொடுக்க மட்டும் கற்ற சிறுவன் தன் கையை அறிகிறான். பெறவும் கற்றவனே பிறனது கையையும் அறிவான்.

இவ்வகை நூல்களை ஆராய்வோர் மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று. தொலைநாட்டார் நூலில் எவ்விடத்தில் நிற்கின்றனர்? எத்தரத்தில் பேசுகின்றனர்? அவர் தரும் பொருளைப் பெறுதற்கு வாசகச் சிறுவன் ஆயத்தம் செய்யப்படுகிறானா? தமிழில் வெளிவந்த மிஷன் சிறுவர் இதழ்களையும், நம் பள்ளிப் பாடநூல்களில் பிற நாட்டாரையும் மலைவாழ் மக்களையும் பற்றி வரும் பாடங்களையும் இவ்வினாக்களால் ஆராயும் பணி முதுகலை மாணவர்க்குக் காத்திருக்கிறது. அப்பாடங்களில் நம் சிறுவர் ‘அவர்க்குக் கொடு’ என்றே இன்னும் கற்கின்றனராயின், ஸ்கடரைக் குறைகூறும் தகுதி நமக்கு இல்லை.